வேழம் வினாதலும் செஞ்சிச் சுவர்களும்

காதலியிடம் பேச்சை எப்படித் தொடங்குவது என்னும் கேள்வியை இலக்கிய வாசகர் பலர் இளக்காரமாகவே பார்க்கின்றனர். வார இதழ்களின் கேள்வி-பதில் பகுதிக்கும், பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் மலிவுப் பிரசுரங்களுக்கும் உரிய கேள்வி அது என்பது அவர்களது எண்ணம். எங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை. தமிழில் மிகப் பழமையானதும் மிக விரிவாக ஆராயப்பட்டதுமான இலக்கியக் கேள்விகளுள் இதுவும் ஒன்று. நம் அகப்பாடல்கள் யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் பேசும் பேச்சாகவே அமைந்தவை. அங்கே புலவன் தன் குரலில் கதை சொல்வதில்லை. தலைவன் பேசுகிறான், தலைவி பேசுகிறாள். தோழியும் செவிலியும் பாணனும் கண்டோரும் பேசுகின்றனர். யார், யாரிடம், எந்தச் சூழலில், எதைப் பேசலாம், எதைப் பேசலாகாது என்பதற்குத் தொல்காப்பியம் இலக்கணம் வகுத்திருக்கிறது. காதலைப் பேச்சாகவே கண்ட மரபு இது. அந்த மரபில் வந்த ஓர் இளைஞன் இன்று கைபேசித் திரையில் 'அப்புறம்?' என்று தட்டிவிட்டு, அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் விழிக்கிறான் என்றால், அதைச் சிரித்துக் கடந்துபோவது நியாயமன்று.

இங்கே நாங்கள் வாதிட விரும்புவது ஒன்றுதான். பதில் தெரியாத ஒரு கேள்வியைக் கேட்டு, வருகிற பதிலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ள ஆயத்தமாக இருப்பவனே நல்ல உரையாடலைத் தொடங்குகிறான். மற்ற திறமைகள் எல்லாம் அதற்குப் பின்புதான். இதற்குச் சான்றாகக் கோவை இலக்கியத்தின் ஒரு சிறு பகுதியையும், செஞ்சி என்னும் கோட்டை ஊரையும் எடுத்துக்கொள்கிறோம். செஞ்சியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அவ்வூரின் புகழ்பெற்ற கதை, சொல்லப்பட்டும் கேட்கப்படாமற்போன சொல்லைப் பற்றியது. அதே கோட்டை இன்று சுற்றுவட்டாரக் காதலர்கள் உட்கார்ந்து பேச ஒதுங்கும் இடமாகவும் இருக்கிறது.

*

மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 25 அதிகாரங்களும் 400 பாடல்களும் கொண்டது. அதன் நான்காம் அதிகாரம் மதியுடம்படுத்தல். தலைவனும் தலைவியும் அதற்கு முன்பே உளம் கலந்தவர்கள். தோழிக்கு மட்டும் அது தெரியாது. அவளது துணையின்றி மேற்கொண்டு சந்திப்புக்கு வழியில்லை. எனவே இரு பெண்களும் தினைப்புனத்தில் சேர்ந்திருக்கும் வேளை பார்த்துத் தலைவன் வந்து பேச்சுக் கொடுக்கிறான். அந்தப் பேச்சைத் துறை துறையாகப் பிரித்துப் பெயரும் இட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு துறைகளில் அவன் தயங்கித் துணிவு கொள்கிறான். பிறகு வருவது வேழம் வினாதல். யானை ஒன்று இவ்வழியே வந்ததா என்று கேட்கிறான். அடுத்தது கலைமான் வினாதல். அதன்பின் வழி வினாதல், பதி வினாதல், பெயர் வினாதல். அதாவது வழியைக் கேட்டு, ஊரைக் கேட்டு, பெயரைக் கேட்கிறான். இவற்றுக்குப் பின் மொழிபெறாது கூறல் என்றொரு துறை. இத்தனை கேட்டும் விடை கிடைக்காதபோது என்ன சொல்வது என்பது அதன் பொருள். பிறகு கருத்தறிவித்தல். இறுதியில் இடை வினாதல், அதாவது பெண்ணின் மெல்லிடை பற்றிய கேள்வி.

பேச்சைத் தொடங்கும் முறைகளுக்கு இவ்வளவு துல்லியமான பட்டியலை வேறு எந்த இலக்கிய மரபேனும் வைத்திருக்கிறதா என்று வியக்கத் தோன்றுகிறது. ஆனால் வியந்து நின்றுவிடுவதைவிட அதன் உள்ளமைப்பைக் கவனிப்பது பயனுள்ளது.

முதலாவது, பேச்சு அவளைப் பற்றித் தொடங்குவதில்லை, அவனைப் பற்றியும் தொடங்குவதில்லை. இருவருக்கும் வெளியே உள்ள ஒரு பொருளைப் பற்றித் தொடங்குகிறது. யானை அவனுடைய பெருமையுமன்று, அவளுடைய அழகுமன்று. இருவரும் ஒருசேர நோக்கக்கூடிய ஒன்று. இன்று ஒருவன் காதலியின் கண்ணைப் பற்றியோ தன் எதிர்காலத் திட்டங்களைப் பற்றியோ தொடங்கினால், அவளுக்கு எஞ்சுவது நாணுவதும் தலையாட்டுவதும்தான். பொதுப் பொருளைப் பற்றித் தொடங்கினால் அவளும் பேசலாம், மறுக்கலாம், தனக்குத் தெரிந்ததைச் சொல்லலாம்.

இரண்டாவது, இந்தக் கேள்வி அவளுக்குப் பின்வாங்க இடம் தருகிறது. யானை தேடும் பாவனை வெறும் தந்திரம்தானே என்று கேட்கலாம். பாவனைதான், தோழிக்கும் விரைவில் அது விளங்கிவிடும். ஆனால் அது கண்ணியமான பாவனை. 'என்னை விரும்புகிறாயா' என்னும் நேர்க்கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்ற இரண்டே விடைகள். யானை வந்ததா என்ற கேள்விக்கோ, அவள் யானையைப் பற்றி மட்டுமே விடை சொல்லிவிட்டுத் தினை காக்கத் திரும்பலாம். பேச்சின் ஆழம் எவ்வளவு என்பதை முடிவுசெய்யும் உரிமை அவளிடமே இருக்கிறது.

மூன்றாவதும் எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவதும், மௌனத்துக்கு இம்மரபு ஒரு தனித் துறையே ஒதுக்கியிருப்பது. விடை வராமல் போவது தோல்வியாக எண்ணப்படவில்லை. உரையாடலின் ஒரு கட்டமாகவே எண்ணப்பட்டிருக்கிறது. விருந்தினரோடு பேசுவதில்லை என்று நோன்பு ஏதும் உண்டோ, வாய் திறந்தால் மணி சிந்திவிடுமோ என்ற பாங்கில் அவன் மெல்லிய நகையோடு கேட்கிறானேயன்றிச் சினக்கவில்லை. குறுஞ்செய்திக்கு அரை மணி நேரம் பதில் வராவிட்டால் பத்து கேள்விக்குறிகளை அடுக்கி அனுப்பும் இன்றைய காதலன், இந்த ஒரு துறையை மட்டுமேனும் கற்றுக்கொள்ளலாம்.

மரபைப் போற்றும்போது அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். இத்தனை கேள்விகளும் அவனுடையவை. தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன்னிலையில் எடுத்துரைக்கும் வழக்கமில்லை என்பது தொல்காப்பியரின் விதி. அவளுக்காகப் பேசுபவள் தோழி. ஆணுக்குத் தொடக்கங்களைப் பட்டியலிட்டுத் தந்த இலக்கணம் பெண்ணுக்கு ஒன்றைக்கூடத் தரவில்லை. மேலும், பேச்சுப் பலிக்காதபோது ஆணுக்கு இன்னொரு கருவியும் இருந்தது. அதுதான் மடல். பனங்கருக்கால் செய்த குதிரையின்மேல் ஏறி, அவளது உருவத்தைக் கையில் ஏந்தி ஊர்த்தெருவில் வருவேன் என்று சொல்வது. நம் உரைகள் இதைக் காதலின் மிகுதியாகக் காட்டினாலும், ஊரைச் சாட்சியாக்கி ஒரு பெண்ணை நெருக்கும் செயல்தான் அது. கேள்வி முடிந்து கட்டாயம் தொடங்கும் இடம். மறுத்த பெண்ணை விடாமல் பின்தொடர்வதைக் காதலென்று காட்டிய நம் திரைப்படங்கள், வேழம் வினாதலை விட்டுவிட்டு மடலைப் பிடித்துக்கொண்டன. இளைஞர் பலரும் பட்டியலின் கடைசித் துறையான இடை வினாதலிலிருந்தே தொடங்குகின்றனர்.

*

கட்டாயத்துக்குப் போர்மொழியில் முற்றுகை என்று பெயர். அகத்தையும் போரையும் இணைத்துப் பார்ப்பது எங்கள் கற்பனையன்று. கோட்டையை முற்றுகையிடும் உழிஞைத் திணையைத் தொல்காப்பியர் மருதத்துக்குப் புறமாக வைக்கிறார். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். அடைத்த கதவும், வெளியே நிற்கும் ஒருவனும் இரண்டுக்கும் பொது. மொழியும் இதை அறிந்திருக்கிறது. கோட்டையின் நுழைவிடமும் வாயில். ஊடிய தலைவியிடம் தலைவன் அனுப்பும் தூதும் வாயில். அவள் தூதை ஏற்காமல் திருப்பி அனுப்புவது வாயில் மறுத்தல்.

வாயிலுக்குப் பின் வாயிலாகக் கட்டப்பட்ட ஊர் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில் இணைக்கிறது. ராஜகிரியை ராஜா கோட்டை என்றும் கிருஷ்ணகிரியை ராணி கோட்டை என்றும் மக்கள் வழங்குவர். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை இவ்விரண்டுக்கும் நடுவே போகிறது. 1677-ல் சிவாஜியின் கைக்கு வந்த இக்கோட்டையில் அவருடைய மகன் ராஜாராம் தஞ்சம் புகுந்தார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-ல் முற்றுகையைத் தொடங்கினார். எட்டு ஆண்டுகள் அது நீடித்தது. 1698-ல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. முன்னரே தப்பிப் போய்விட்டார். யாருக்காக எட்டு ஆண்டு முற்றுகையோ, அவர் கிடைக்கவில்லை. கிடைத்தது கல்.

காதல் ஆலோசனை என்ற பெயரில் புழங்கும் பெரும்பாலானவை முற்றுகைக் கையேடுகளாகவே இருக்கின்றன. எந்தச் சொல்லால் அவளைக் கவரலாம், எந்தக் கேள்வியால் மடக்கலாம், எப்படிப் பேசினால் மறுக்க முடியாமற் போகும் என்பவை அவற்றின் அக்கறைகள். இவ்வழியில் ஒருவன் வெல்லவும் கூடும். பேச்சுத் திறமையால் சம்மதத்தை வாங்கிவிடலாம், திருமணமும் நிகழலாம். ஆனால் அதற்குள் பேச வேண்டியவள் உள்ளிருந்து போயிருப்பாள். எதைச் சொன்னாலும் 'சரி' என்று மட்டும் சொல்லும் மனைவியரைக் கொண்ட வீடுகள் நம்மிடையே எத்தனை! அந்தச் 'சரி'யை இணக்கம் என்று எண்ணிப் பெருமைப்படும் கணவர்களும் எத்தனை பேர்!

*

செஞ்சி என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருபவன் தேசிங்கு. பண்டேலா ராஜபுத்திரரான சொரூப்சிங்கின் மகன் தேஜ்சிங் என்பது அவனது வரலாற்றுப் பெயர். தந்தை இறந்தபின் 1714-ல் கோட்டைக்கு உரிமை கொண்டான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்ட கப்பப் பாக்கியைத் தர மறுத்தான். அவ்வாண்டு அக்டோபரில் சிறு படையோடு எதிர்த்து நின்று இறந்தான். அப்போது அவனுக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் அமைத்த ஊரே ராணிப்பேட்டை என்பது வழிவழியாக வரும் செய்தி. 2019-லிருந்து அது ஒரு மாவட்டத்தின் தலைநகர்.

இந்தக் கதையைப் பாடலாகவும் கூத்தாகவும் மக்கள் வளர்த்தனர். 1960-ல் எம்.ஜி.ஆர். நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது. தேசிங்கின் வீரத்தைப் பற்றி இங்கே எமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் கவனிப்பது வேறு. செஞ்சிக்கு அருகே சிங்கவரத்தில் பல்லவர் காலக் குடைவரை ஒன்று உண்டு. அங்கே பள்ளிகொண்ட அரங்கநாதரின் பெரிய உருவம் பாறையிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. போருக்குப் புறப்படுமுன் தேசிங்கு அங்கே விடைபெறச் சென்றான் என்றும், இன்று போகாதே என்று இறைவன் தடுத்தும் அவன் கேட்கவில்லை என்றும், அதனால் இறைவன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் சொல்லப்படுகிறது. பெருமாளின் முகம் ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதற்கு ஊரார் காட்டும் காரணம் இதுவே.

இக்கதையை விதியின் கதையாகவும் மானத்தின் கதையாகவும் படிப்பது வழக்கம். உரையாடலின் கதையாகவும் அதைப் படிக்கலாம். தேசிங்கு கேட்கப் போகவில்லை. முடிவு செய்துவிட்டு விடைபெறப் போனான். இன்னொருவரின் சொல்லுக்கு அவனுடைய முடிவில் இடம் இல்லை. அத்தகைய பேச்சில் கடவுளே எதிரில் இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. நம் வீடுகளில் எத்தனை பெண்கள் அவ்வாறு முகம் திருப்பிப் படுத்திருக்கிறார்கள் என்பதை எண்ணினால், சிங்கவரத்துக் கதையைப் புனைந்த மக்களின் நுட்பம் புலப்படும்.

அந்த மனைவியையும் எண்ணிப் பாருங்கள். கதையில் குதிரைகளுக்குப் பெயர் உண்டு: பாராசாரி, நீலவேணி. நண்பனுக்கும் பெயர் உண்டு. அவளுக்குக் கிடைத்தது ராணி என்னும் பட்டம். ஓர் ஊருக்கே அவள் நினைவாகப் பெயரிட்டும், இட்டது அந்தப் பட்டத்தைத்தான். அவள் போருக்குப் போ என்றாளா, போகாதே என்றாளா, எதற்காக இந்தப் பாக்கி, எதற்காக இந்த மானம் என்று கேட்டாளா, அவளை யாரேனும் கேட்டார்களா? அவளது சாவு போற்றப்பட்டது. சொல் ஒன்றுகூடப் பேணப்படவில்லை. பெண்ணின் தியாகத்தைப் பாடுவதில் நமக்கிருக்கும் ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கு, அவளுடைய கருத்தைக் கேட்பதில் இருந்திருந்தால் நம் காதல் கதைகள் வேறாக இருந்திருக்கும்.

*

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் இராணுவ நிலவமைப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றுதான். மதிப்பு கூடியிருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் பழைய சின்னங்கள் எங்கும் காண்பதுபோல் இங்கும் சுவர்களில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. ஒரு ஆண் பெயர், ஒரு பெண் பெயர், நடுவே அம்பு தைத்த இதயம். 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் 2010-ல் திருத்தப்பட்டபின், இவ்வாறு சிதைப்பதற்கு இரண்டாண்டுச் சிறையோ ஒரு லட்ச ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டம் சொல்வது கல்லுக்கு நேரும் சேதத்தை. எங்களைச் சங்கடப்படுத்துவது இன்னொன்றும் கூட. இரண்டு பெயர்களை அருகருகே எழுதிவிட்டால் பேச்சு முடிந்ததாக எண்ணும் மனநிலை அது. அந்தக் கீறலில் கேள்வி ஏதும் இல்லை. அறிவிப்பு மட்டுமே உண்டு. சிறிய மடலூர்தல் என்றே அதைச் சொல்லலாம். அந்தப் பெண்ணிடம் கேட்டுத்தான் அவள் பெயரை எழுதினானா என்பதும் தெரியாது.

இதைச் சொல்லும்போதே, அந்த இளைஞர்கள் அங்கே வருவதன் காரணத்தையும் சொல்வதே நேர்மை. சிற்றூர்களில் ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்து பேச இடமில்லை. பேருந்து நிலையத்தில் பார்ப்பவர் எல்லாரும் உறவினர் அல்லது உறவினரை அறிந்தவர். தேநீர்க் கடையில் பெண் உட்கார்ந்தாலே செய்தி. வீட்டில் கேட்கவே வேண்டாம். எஞ்சியிருப்பது கோட்டை. அங்கும் படிக்கட்டில் இருவர் சேர்ந்திருந்தால் கைபேசியில் படம் எடுப்பவர்களும், 'எந்த ஊரும்மா நீ?' என்று அதட்டுபவர்களும் உண்டு. அவர்கள் கேட்பதும் பதி வினாதல்தான். ஆனால் அது எந்தத் துறையிலும் அடங்காது. பூங்காவும் நூலகமும் தேநீர் மேசையும் இல்லாத ஊரில், இளைஞர்களுக்குப் பேசத் தெரியவில்லை என்று குறைகூற நமக்கு உரிமை இல்லை.

இந்தப் பேச்சுக்குக் கொடுக்க நேர்ந்த விலையும் நினைவில் இருக்க வேண்டும். செஞ்சியும் விருத்தாசலமும் ஒரு காலத்தில் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் முருகேசனும் கண்ணகியும் 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டதற்காக, ஜூலையில் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். முருகேசன் தலித், கண்ணகி வன்னியர். விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2021 ஆயிற்று. உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில் தண்டனைகளை உறுதி செய்தது. இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசி ஒரு முடிவுக்கு வருவது இங்கே எத்தனை பேரை அச்சுறுத்துகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? சாதி அஞ்சுவது காதலைவிடப் பேச்சைத்தான். பேசத் தொடங்கிய இருவர், ஊர் தங்களுக்காக முடிவு செய்து வைத்திருந்தவற்றை எல்லாம் மறுபடி கேள்வியாக்கிவிடுவர். ஆகவே, காதலியிடம் என்ன பேசுவது என்பது பொழுதுபோக்குக் கேள்வி என்று யாரேனும் சொன்னால், அவர் வாழும் ஊர் எதுவென்று கேட்கத் தோன்றுகிறது.

*

இனி அன்றாடப் பேச்சுக்கு வருவோம். தமிழ்க் காதலர்களின் கைபேசி உரையாடலை மூன்று சொற்களில் அடக்கிவிடலாம் என்று கேலி பேசுவர்: 'சாப்ட்டியா?', 'ம்', 'அப்புறம்?' இந்தச் சொற்களுக்காக நாங்கள் வாதாட விரும்புகிறோம்.

'சாப்ட்டியா' தாழ்ந்த கேள்வியன்று. ஏரிகளும் மழையும் பொய்த்தால் பட்டினி நிச்சயம் என்றிருந்த மண்ணில், ஒருவர் இன்னொருவரிடம் கேட்கத்தக்க முதல் கேள்வி அதுவே. அதன் பழுது, விடைக்குக் காத்திராமல் கேட்கப்படுவதில் இருக்கிறது. 'சாப்ட்டேன்' என்ற பதிலுக்குப் பின் இரண்டாவது கேள்வி வர வேண்டும். யார் சமைத்தார்கள், யாரோடு உட்கார்ந்து உண்டாய், விடுதியில் இன்றும் அதே சாம்பார்தானா, அம்மா உண்டுவிட்டார்களா. இரண்டாவது கேள்வி முதல் பதிலிலிருந்து பிறந்திருந்தால், அங்கே ஒருவர் உண்மையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். முன்கூட்டியே தயாரித்த பத்துக் கேள்விகளை வரிசையாகக் கேட்பது நேர்காணல்.

'அப்புறம்' என்ற சொல்லையும் சற்று நின்று பார்க்கலாம். அந்தப் புறம், மறுபக்கம். நேரத்தைக் குறிக்குமுன் அது இடத்தைக் குறித்த சொல். பேச்சற்றவன் சொல்லும் அப்புறத்துக்கும், கதை கேட்பவன் சொல்லும் அப்புறத்துக்கும் தொலைவு மிகுதி. பாட்டியிடம் கதை கேட்கும் குழந்தையின் 'அப்புறம்?' இரண்டாவது வகை. நீ இதுவரை சொன்னதன் மறுபக்கத்துக்கு என்னை அழைத்துப் போ என்று அது கேட்கிறது. அந்தத் தொனியில் கேட்கத் தெரிந்த காதலன் பேச்சுக்குப் பஞ்சப்பட மாட்டான்.

நம் இலக்கியச் சூழலுக்கு உரிய ஒரு நோயையும் இங்கே பேசியாக வேண்டும். வாசிப்புப் பழக்கமுள்ள இளைஞன் காதலியிடம் பேசுவதில்லை, உரையாற்றுகிறான். ருஷ்ய நாவல்களும் பின்நவீனத்துவமும் சிறுபத்திரிகைச் சண்டைகளும் அவள்மேல் பொழியப்படுகின்றன. அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் என்ன வாசிக்கிறாள் என்று அவன் கேட்டால் அது திருத்துவதற்காகவே இருக்கும். ரமணிசந்திரன் என்று அவள் சொன்னவுடன் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்போடு உரையாடல் முடிந்துவிடுகிறது. அதன்பின் அவள் தான் விரும்பும் எதையும் அவனிடம் சொல்ல மாட்டாள். அந்தக் கதைகளில் எது உனக்குப் பிடிக்கிறது, எந்த இடத்தில் அது உன் வாழ்க்கை போலில்லை என்று கேட்டிருந்தால், எந்த விமர்சன நூலிலும் கிடைக்காத ஒரு வாசகப் பார்வை அவனுக்குக் கிடைத்திருக்கும். இலக்கியம் பிறர் உள்ளத்தை அறியும் பயிற்சி என்று மேடையில் சொல்பவர்கள், அந்தப் பயிற்சியை எதிரில் அமர்ந்திருப்பவளிடம் தொடங்குவதில் என்ன தடை?

செஞ்சியில் பேச்சுக்குப் பொருளா இல்லை? கல்யாண மஹாலைச் சுற்றி வந்தால், மண்குழாய் வழியே மேல்தளத்துக்கு நீரேற்றியதைப் பற்றி இருவரும் வியக்கலாம். அந்த உயரத்திலிருந்து வெளியே பார்த்த பெண்கள் யார், கீழே இறங்கி வர அவர்களுக்கு யாருடைய அனுமதி வேண்டியிருந்தது என்று ஒருத்தி கேட்கலாம். அங்கிருந்து, வேலைக்குப் போவேனா, சம்பளத்தை யார் கையில் கொடுப்பது, உன் அம்மாவோடு இருப்போமா, குழந்தை எப்போது, நம் வீட்டார் ஒப்பாவிட்டால் எங்கே போவது என்பவை வரை தூரம் அதிகமில்லை. காதலர்கள் பேசத் தயங்கும் இந்தக் கேள்விகளே பேச வேண்டியவை. அவற்றை நீதிமன்றக் கூண்டில் கேட்பதுபோல் கேட்காமல், ஒரு பழைய கட்டடத்தின் வழியாகவோ, பார்த்த படத்தின் வழியாகவோ வந்தடைவதே வேழம் வினாதல் நமக்குக் கற்றுத்தரும் நயம். வழி சுற்றாக இருக்கலாம்; ஆனால் வந்துசேர வேண்டும். கோவையிலும் யானைக்கும் மானுக்கும் பின் கருத்தறிவித்தல் உண்டு. யானையைப் பற்றியே ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பதும் ஏமாற்றுதான்.

இவற்றுக்கு மேலாக, கேள்விகள் இருவருடையதாகவும் இருக்க வேண்டும். பழைய இலக்கணம் பெண்ணுக்குத் தராத உரிமை இது. அவள் கேட்கும்போது, அவன் முன்பு எண்ணியிராத ஒன்றைக் கேட்பாள். 'நீ சொல்வது சரிதான், நான் இப்படி யோசித்ததில்லை' என்று சொல்லும் ஆண்மகன் நம் கதைகளில் அரிது, திரைப்படங்களில் மிக அரிது. வீரம் என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் சொல் கேளாமையை. தேசிங்கு சிங்கவரத்திலிருந்து திரும்பி வந்து, 'போகவேண்டாம் என்கிறார், நீ என்ன சொல்கிறாய்?' என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தால் ஒருவேளை பாடல் பிறந்திராது. இரண்டு உயிர்கள் பிழைத்திருக்கும். அவளுடைய பெயராவது நமக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பாடலைவிட அது பெரிதென்றே நாங்கள் எண்ணுகிறோம்.

ஆகவே, காதலியிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேட்கும் இளைஞருக்கு எங்கள் விடை எளியது. யானை வந்ததா என்று கேளுங்கள். 'வரவில்லை' என்பாள், அல்லது 'வந்தது, ஆனால் நீ தேடுகிற யானை அதுவன்று' என்பாள், அல்லது ஒன்றும் சொல்லாமல் தினைக்கதிரைப் பார்த்திருப்பாள். மூன்றுமே விடைகள். எதைக் கேட்டாலும் முற்றுகையைத் தொடங்காமல், அந்த விடையிலிருந்து அடுத்த கேள்வியைக் கண்டெடுக்க முடிந்தால் உங்களுக்குப் பேசத் தெரிந்துவிட்டது என்று பொருள்.